‘வளந்துடும்மா, பயப்படாதீங்க’ – கல்லீரல் மீட்சியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

‘கல்லீரலை வெட்டினாலும் வளரும்’ என்பது இன்று யாரும் மறுக்காத அறிவியல் உண்மை. அதை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமும் அல்ல. ஆனால் எந்த உண்மையும் யாரோ ஒருவரால், யாரோ ஒருவரிடம், ஏதோ ஒரு தருணத்தில் சொல்லப்படும்போதுதான் வேலை செய்யத் தொடங்குகிறது. ஆய்வுக்கூடத்து எலியைப் பார்த்து எழுதப்பட்ட வாக்கியம் ஒன்று, மாற்று அறுவை சிகிச்சைப் பிரிவின் வராந்தாவில் நிற்கிற மனைவியிடம் ‘வளந்துடும்மா, பயப்படாதீங்க’ என்று சொல்லப்படும்போது என்னவாகிறது? எலிப்பசையைத் தின்றுவிட்ட ஒரு பெண்ணைப் பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அவள் விஷயத்தில் அதே வாக்கியம் ஏன் பலிக்காமல் போகிறது? ஈரல் வளர்வது உயிரியல். யாருடைய ஈரல் வளர்வதற்கு அவகாசம் கிடைக்கிறது என்பது உயிரியல் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வரலாற்றைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம்.

தமிழில் இந்த உறுப்புகளுக்குப் பெயர் வைத்தவர்கள் கல்லையும் மண்ணையும் துணைக்கு அழைத்திருக்கிறார்கள். கல்லீரல், மண்ணீரல். சுண்ணாம்புக்கல்லை வெட்டி சிமெண்டு செய்து பிழைக்கிற அரியலூர்ச் சீமைக்குப் பொருத்தமான பெயர்தான். அந்தக் கல்லில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் அப்படியே பதிந்திருக்கின்றன. சாத்தனூரில் ஒரு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. ஓடும் எலும்பும் மரமும் கல்லாகும், ஈரல் ஆகாது. அது அழுகிப் போகிற மெத்தென்ற சதை. ஆனாலும் பெயரில் கல் இருக்கிறது. பயந்துபோனால் இங்கே கிராமத்தில் யாருக்கும் இதயம் நடுங்குவதில்லை, ‘ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு’ என்றுதான் சொல்கிறார்கள்.

கல்லீரல் வளரும் என்பதைக் கிரேக்கர்கள் அன்றே அறிந்திருந்தார்கள் என்று தொடங்குவது மருத்துவ நூல்களின் வழக்கம். புரோமிதியஸ் கதைதான் ஆதாரம். நெருப்பைத் திருடி மனிதர்களுக்குக் கொடுத்த குற்றத்துக்காக அவனைப் பாறையில் பிணைத்துப் போடுகிறான் சீயஸ். பகலில் கழுகு வந்து ஈரலைத் தின்னும், இரவில் அது வளரும், மறுநாள் மறுபடி கழுகு. இதை உடலியல் அறிவாகப் படிப்பது மருத்துவத்துறையின் தற்பெருமை என்றே தோன்றுகிறது. ஈரலை உயிரின் இருப்பிடமாகக் கருதிய பழைய சமூகங்கள் பல உண்டு. பாபிலோனியர்கள் பலி ஆட்டின் ஈரலைப் பார்த்துக் குறி சொன்னார்கள். அந்தக் கலையைப் பயில்வதற்குக் களிமண்ணில் செய்த ஈரல் வடிவம் ஒன்று, மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. உயிர் இருக்கிற இடத்தைக் கழுகு கொத்தியது, அவ்வளவுதான். மருத்துவர்கள் கவனிக்காமல் விடுகிற விஷயம் வேறு: அந்தக் கதையில் ஈரல் வளர்வது வரமல்ல, தண்டனையின் பகுதி. அது வளர்வதனால்தான் தண்டனை முடிவதில்லை. வளரும் ஈரலைப் பற்றிய முதல் கதையாடலே தண்டிக்கப்பட்ட ஓர் உடலைப் பற்றியது என்பதை மனதில் வைத்துக்கொள்வோம்.

நவீன ஆய்வுக்கூடத்தில் இதன் மூலப் பிரதி 1931ல் வெளிவந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் வெள்ளை எலிகளின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியெடுத்துவிட்டு, நாள் கணக்கு வைத்து எடை பார்த்தார்கள். சில நாட்களிலேயே எடையில் பெரும்பகுதி திரும்பியது, இரண்டு மூன்று வாரத்தில் ஏறக்குறைய பழைய அளவு. இந்த மூன்றில் இரண்டு என்கிற வெட்டு இன்றுவரை உலகெங்கும் கல்லீரல் ஆய்வின் அரிச்சுவடி. அவர்கள் தங்கள் கட்டுரைத் தலைப்பில் போட்ட சொல் ‘மீட்பு’ என்ற பொருள் தருவது. ‘மீளுருவாக்கம்’ என்ற சொல்லை அங்கே போடவில்லை. இது ஏதோ சொல் விளையாட்டு என்று தள்ளிவிடக் கூடாது. பல்லியின் வால் அறுந்தால் வாலே முளைக்கிறது. கல்லீரலில் அப்படியெல்லாம் இல்லை. வெட்டி எடுத்த மடல் மறுபடி முளைப்பதில்லை. மிச்சம் கிடக்கிற மடல்கள் பருத்து, போனதன் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. எடை திரும்பும், வடிவம் திரும்பாது. கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகள் போய்ச் சேர்ந்துவிட்டால் இன்னொருத்தி இரண்டு பேர் வேலையைச் செய்கிறாளே, அந்த மாதிரி.

இந்த வேலையைச் செய்வது யார் என்பதும் முக்கியம். குருத்தணு (ஸ்டெம் செல்லுக்கு வைத்திருக்கிற பெயர்களில் எனக்குப் பிடித்தது இது) என்று தனியாக ஒன்று எங்கோ ஒளிந்திருந்து புறப்பட்டு வருவதில்லை. அன்றாடம் புரதம் செய்வதும் நஞ்சை முறிப்பதும் பித்தம் சுரப்பதுமாக இருக்கிற சாதாரண ஈரல் செல், தேவை வந்தால் தானே இரண்டாகப் பிரிகிறது. அந்தச் செல்கள் பிரிய முடியாத அளவுக்கு அடிபட்டுப் போனால் மட்டுமே பித்தக் குழல்களின் ஓரமாகச் சிறிய செல்கள் திரண்டு எழுகின்றன. 1956ல் ஃபார்பர் விவரித்த இவற்றை ‘முட்டைவடிவச் செல்கள்’ என்பார்கள். இவைதான் ஈரலின் குருத்தணுக்களா, மனித உடலில் இவை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. வளரச் சொல்லும் கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதற்கான சோதனை இன்னும் விநோதமானது. இரண்டு எலிகளைப் பக்கவாட்டில் ஒட்டித் தைத்து இரத்த ஓட்டத்தை ஒன்றாக்கினார்கள். ஒன்றின் ஈரலை வெட்டினால், வெட்டப்படாத மற்றதன் ஈரலிலும் செல்கள் பிரியத் தொடங்கின. 1950களில் பாஸ்டனில் நான்சி பூக்கர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். இரத்தத்தில் ஏதோ சேதி போகிறது என்று தெரிந்தது. 1980களில் அந்தச் சேதிகளில் ஒன்றை, ஈரல் செல் வளர்ச்சிக் காரணி என்பதை, பிரித்தெடுத்தார்கள்.

எலிக் கதை போதும். மனித உடலுக்கு வருவோம்.

1963 மார்ச் முதல் தேதி அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் முதன்முதலாக மனிதக் கல்லீரல் மாற்றைச் செய்தார். மூன்று வயதுப் பையன், அறுவையின்போதே இறந்துபோனான். ஒரு வருடத்தைத் தாண்டி உயிர் வாழ்ந்தவர் என்று சொல்வதற்கு 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1963ல்தான் பாரிஸில் ஃபூக்கோவின் ‘மருத்துவமனையின் பிறப்பு’ வெளிவந்தது. இலவச சிகிச்சைக்கு ஈடாக ஏழை தன் உடலைப் பார்வைக்குக் கொடுக்கிறான், அந்தப் பார்வையிலிருந்து கிடைக்கும் அறிவு பணக்காரனின் உடலுக்குப் பயன்படுகிறது – மருத்துவமனை அறிவின் அடியில் கிடக்கும் இந்த எழுதப்படாத ஒப்பந்தத்தை ஃபூக்கோ எடுத்துக் காட்டினார். கல்லீரல் மீட்சி பற்றிய மனித அறிவுக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம் உண்டு. ஆனால் இங்கே உடலைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சாக நினைத்தவர்கள்.

லண்டனில் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையின் கல்லீரல் பிரிவை 1966ல் ரோஜர் வில்லியம்ஸ் தொடங்கினார். பிரிட்டனில் ஈரல் திடீரென்று செயலிழந்து வருகிறவர்களில் பெரும்பகுதியினர் பாராசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவர்கள். நம் வீட்டில் காய்ச்சலுக்குப் போடுகிற அதே மாத்திரைதான். இவர்களில் யாருடைய ஈரல் தானாக மீளும், யாருடையது மீளாது என்பதை முன்கூட்டிச் சொல்ல முடிந்தால் மாற்று ஈரலை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கலாம். 1973 முதல் 1985 வரை அங்கே வந்த 588 நோயாளிகளின் பதிவுகளை வைத்து 1989ல் வெளியிட்ட அளவுகோலுக்கு இன்றும் ‘கிங்ஸ் காலேஜ் அளவுகோல்’ என்றுதான் பெயர். அதன் மையத்தில் இருப்பது பெரிய யந்திரம் எதுவும் இல்லை. இரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்கிற சோதனையும் இன்னும் சில எளிய அளவுகளும்தான். இதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

இந்தப் பிரிவுக்கு 1991ல் வந்து சேர்ந்தவர் முகமது ரேலா. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் கிளியனூர் என்ற கிராமத்தில் பிறந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1997ல் பிறந்து ஐந்தே நாளான குழந்தை ஒன்றுக்கு அவர் செய்த ஈரல் மாற்று உலகச் செய்தியாயிற்று. பத்திரிகைகள் இவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் அந்த ஐந்து நாளில் போய் நின்றுகொள்கின்றன. சாதனைக் கதையாடலுக்கு எண்கள்தான் தீனி, என்ன செய்ய? அவருடைய வாழ்க்கைப் பணியில் சிந்தனைக்குரிய பகுதி வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஈரல் திடீரென்று செயலிழந்த குழந்தைக்கு வழக்கமாகச் செய்வது, பழைய ஈரலை முழுசாக எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது. உயிர் பிழைக்கும், ஆனால் வாழ்நாள் முழுக்க உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தின்றாக வேண்டும். இதில் ஓர் அபத்தம் இருக்கிறது. எடுத்து எறிந்த அந்தப் பழைய ஈரல், சில வாரமோ சில மாதமோ அவகாசம் கிடைத்திருந்தால் தானாகவே வளர்ந்திருக்கக்கூடும். அந்தச் சில வாரத்தைத் தாண்ட முடியாமல்தான் ஆள் செத்துப்போகிறது. 1991ல் ஜெர்மனியின் ஹன்னோவரிலிருந்து குபர்னாட்டிஸ் குழுவினர் ஒரு மாற்று வழியை முன்வைத்தார்கள். பழைய ஈரலில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொருவர் ஈரலின் துண்டைப் பொருத்துவது. துணை ஈரல் என்று சொல்லலாம். அது வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடிபட்டுக் கிடக்கும் சொந்த ஈரல் மெல்ல எழுந்து வரும். வந்துவிட்டது என்று தெரிந்ததும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். உடல் விருந்தாளியை அடையாளம் கண்டு ஒதுக்குகிறது, துணை ஈரல் சுருங்கிப் போகிறது. கிங்ஸில் இவ்வாறு சிகிச்சை பெற்ற இருபது குழந்தைகளின் நீண்டகால நிலையை ரேலாவும் சக மருத்துவர்களும் 2010ல் வெளியிட்டார்கள். பிழைத்தவர்களில் பெரும்பான்மையோருக்குச் சொந்த ஈரல் மீண்டிருந்தது, பலர் மாத்திரையையே நிறுத்திவிட்டிருந்தார்கள். 2009ல் சென்னை திரும்பிய ரேலா இந்த முறையை இங்கும் தொடர்ந்தார். பின்னர் குரோம்பேட்டையில் அவர் பெயரிலேயே மருத்துவமனை எழுந்தது.

எல்லோருக்கும் பொருந்துகிற முறை அல்ல இது. அறுவை சிக்கலானது, நிலைமை மிக மோசமானவர்களுக்குத் துணைத் துண்டு தாங்காது. ஆனால் இதன் தர்க்கம் என்னை ஈர்க்கிறது. மருத்துவம் தன் தலையீட்டைத் தானே தற்காலிகமானதாக வைத்துக்கொள்கிறது. நோயாளியின் உடல்தான் கடைசியில் வேலையைச் செய்யப்போகிறது, நமக்கு வேலை காத்திருக்க வைப்பது மட்டுமே என்று ஒப்புக்கொள்கிற அறுவை சிகிச்சைகள் அதிகம் இல்லை.

கிளியனூரிலிருந்து லண்டன் வரைக்கும் போன பாதையில் முதல் படி ஓர் அரசுக் கல்லூரி இடம். அப்போது தமிழகத்தில் மருத்துவத்துக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, அது 1984ல்தான் வந்தது. பிறகு 2007ல் போயிற்று, 2017ல் நீட் என்ற பெயரில் மறுபடி வந்து உட்கார்ந்தது. அந்த ஆண்டு அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா 1200க்கு 1176 மதிப்பெண் வாங்கியும் இடமில்லாமல் உயிரை விட்டதை இந்த இதழின் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. அதன் அரங்குக்கு அனிதாவின் பெயர். அந்தப் பதினொன்றில் பெரம்பலூர் இல்லை. 1995ல் திருச்சியிலிருந்து பெரம்பலூரை வெட்டினார்கள், 2001ல் பெரம்பலூரிலிருந்து அரியலூரை வெட்டினார்கள், 2002ல் ஒட்டினார்கள், 2007ல் மறுபடி வெட்டினார்கள். ஈரலை வெட்டினால் ஈரல் வளரும். மாவட்டத்தை வெட்டினால் முதலில் வளர்வது கலெக்டர் ஆபீசு.

இனி அந்த வராந்தாவுக்கு வருவோம். மேலை நாடுகளில் மாற்று ஈரல் பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கிறது. தமிழகத்திலும் 2008க்குப் பிறகு அந்த ஏற்பாடு மற்ற மாநிலங்களைவிட நன்றாகவே வளர்ந்தது. ஆனாலும் இந்தியாவில் நடக்கும் ஈரல் மாற்றுகளில் பெரும்பாலானவை உயிரோடிருக்கும் உறவினரின் ஈரலைப் பகுத்துச் செய்யப்படுபவை. ஈரல் வளரும் என்கிற உண்மை இல்லாவிட்டால் இது நடக்கவே நடக்காது. பெரியவர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமானால் கொடுப்பவரின் ஈரலில் அறுபது சதத்துக்கு மேல்கூட வெட்டியெடுக்க நேரும். மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மாதத்தில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். வளந்துடும்மா. பொய் இல்லை.

யாரிடம் சொல்லப்படுகிறது? தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் தகவல்கள் 2023ல் செய்தித்தாள்களில் வந்தன. 1995 முதல் 2021 வரை நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் உறுப்பைப் பெற்ற ஆண்கள் 29,000க்கும் மேல், பெண்கள் 6,945. எல்லா உறுப்புகளும் சேர்ந்த கணக்கு இது. உயிரோடிருந்து கொடுப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள், பெரும்பாலும் மனைவி அல்லது தாய். சட்டம் (1994ல் வந்தது) நெருங்கிய உறவினரின் சுயவிருப்பத்தைக் கேட்கிறது, அவளும் கையெழுத்துப் போடுகிறாள். ‘சம்பாதிக்கிற மனுசன் போயிட்டா நாங்க என்ன பண்றது?’ என்ற வாக்கியத்தில் விருப்பம் எது, கட்டாயம் எது என்று எந்தக் குழு பிரித்துக் காட்டும்? ஈரல் கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை இறக்கக்கூடும் என்பது மருத்துவ உலகில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வளரும் என்ற வாக்கியம் சத்தமாகவும் இந்தக் கணக்கு மெதுவாகவும் சொல்லப்படுகிறது. அதற்காக எல்லாவற்றையும் சூழ்ச்சியாகப் படிப்பதும் சோம்பேறித்தனம். இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் ஈரல் மாற்று 1998 நவம்பரில் டில்லி அப்போலோவில் நடந்தது. பிழைத்தது இரண்டு வயதுகூட நிரம்பாத காஞ்சிபுரத்துக் குழந்தை, ஈரலைக் கொடுத்தவர் அப்பா. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று டாக்டர். அப்பன்மாரும் கொடுக்கிறார்கள். ஆனால் கணக்கு அப்பன்மார் பக்கம் இல்லை.

மனிதரிடமிருந்து வெட்டி எடுக்காமலே ஈரலை வளர்க்க முடிந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. குருத்தணு ஆய்வின் வாக்குறுதி அதுதான். 1994லேயே ஐதராபாத்தில் ஹபீபுல்லா குழுவினர் ஈரல் செயலிழந்த நோயாளிகளின் வயிற்றறையில் கருவின் ஈரல் செல்களைச் செலுத்திப் பார்த்த அனுபவத்தை வெளியிட்டார்கள். இந்தத் துறையின் முன்னோடி முயற்சிகளில் ஒன்று அது. 2006ல் ஜப்பானின் யமனாகா சாதாரணத் தோல் செல்லையே குருத்தணு நிலைக்குத் திருப்பிக் காட்டினார் (2012ல் நோபல்). 2013ல் யோகோஹாமாவில் டகேபே குழு அப்படிப்பட்ட செல்களிலிருந்து சின்னஞ்சிறு ஈரல் மொட்டுகளை வளர்த்து எலிக்குள் வைத்தது, அவை இரத்த ஓட்டத்தோடு இணைந்தன. மொட்டு மொட்டாகவே இருக்கிறது. ஒரு முழு ஆளைத் தாங்கும் ஈரல் அதிலிருந்து இன்னும் வரவில்லை. எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களைத் தூண்டிவிட்டு, ஈரல் கரணையில் அவை உதவுமா என்றும் பார்த்தார்கள். டில்லியிலிருந்து 2012ல் நம்பிக்கை தரும் முடிவு வந்தது. நோயாளிகளின் வகையும் முறையும் கொஞ்சம் வேறானாலும், 2018ல் பிரிட்டனிலிருந்தும் 2021ல் ஜெர்மனியிலிருந்தும் வந்த பெரிய ஆய்வுகளில் பலன் தென்படவில்லை.

ஆனால் சந்தை ஆய்வுக்காகக் காத்திருக்கவில்லை. ஸ்டெம் செல் சிகிச்சை என்று போர்டு மாட்டிக்கொண்டு சர்க்கரை வியாதியிலிருந்து மூளைவளர்ச்சிக் குறைபாடு வரை எல்லாவற்றுக்கும் ஊசி போடுகிற இடங்கள் நாடு முழுக்க முளைத்தன. இங்கே மொழி பற்றி ஒரு செய்தி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் தலைப்பில் குருத்தணு ‘ஆய்வும் சிகிச்சையும்’ என்று இருந்தது. 2013ல் அதைத் திருத்தியபோது ‘சிகிச்சை’ என்ற சொல்லையே தலைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். நிரூபிக்கப்பட்ட சில இரத்த நோய்களைத் தவிர மற்ற எதற்கும் இது இன்னும் சிகிச்சை இல்லை, ஆய்வுதான், எனவே நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது அதன் அர்த்தம். ஒரு சொல்லை நீக்குவதும் அரசியல் செயல்பாடுதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வீட்டை விற்று ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்களின் காதுக்கு இந்தத் தலைப்பு மாற்றம் வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

ஈரல் தானே வளர்வதால் லாபம் அடைவது ஆஸ்பத்திரி மட்டுமல்ல, நாட்டு வைத்தியமும்தான். நம் பக்கத்தில் மஞ்சக்காமாலை என்றால் முதலில் கீழாநெல்லி. தண்ணீரால் வருகிற காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாக வடிந்துவிடும், ஈரல் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பெயர் யார் கடைசியாகக் கைவைத்தாரோ அவருக்கு. இதைச் சொல்வதால் கீழாநெல்லியை ஏளனம் செய்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரசைக் கண்டறிந்த புளூம்பெர்க்கோடு சேர்ந்து, அந்த வைரசைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் அடையாளம் மறைந்ததாகவும், வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்ததாகவும் 1988ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். 1990ல் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அது நடக்கவில்லை. சித்தர் பெருமை பேசுகிறவர்கள் முதல் ஆய்வோடும், சித்த மருத்துவத்தை மட்டம் தட்டுகிறவர்கள் இரண்டாவது ஆய்வோடும் நிறுத்திக்கொள்கிறார்கள்.

எலிப்பசைக்குக் கீழாநெல்லியும் கிடையாது, வேறு முறிவும் கிடையாது. பெரம்பலூர் தமிழகத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் மிகுதியாக விளைகிற மாவட்டங்களில் ஒன்று. அரியலூரில் ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம், இன்னொரு பக்கம் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் முந்திரிக் காடுகள். இரண்டு மாவட்டத்திலும் விஷம் என்பது அலமாரியில் பூட்டி வைக்கிற பொருள் இல்லை, விவசாயச் சாமான். 2017 அக்டோபரில் பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் சிலர் அந்தக் காற்றைச் சுவாசித்தே இறந்தார்கள். எலிப்பசை அதைவிடச் சாதுவான முகம் கொண்டது. பெட்டிக்கடையில் சோப்புக்கும் ஊறுகாய்க்கும் பக்கத்தில் தொங்கியது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசை நேராக ஈரலைத் தேடிப் போகிறது. தமிழக ஈரல் மருத்துவர்கள் சேர்ந்து எடுத்த கணக்குகளில், இந்த மாநிலத்தில் ஈரல் திடீரென்று செயலிழப்பதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது நிற்கிறது. பெரும்பாலும் இளம் வயதினர். வீட்டுச் சண்டை, பரீட்சை, கடன். பிரிட்டனில் பாராசிட்டமால் இருந்த இடத்தில் நமக்கு இது.

பிரிட்டன் என்ன செய்தது என்பது படிக்க வேண்டிய வரலாறு. 1998ல் ஒரு சட்டம். ஒரு பெட்டியில் இருக்கலாம் என்கிற பாராசிட்டமால் மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். அடுத்த பதினோரு ஆண்டுகளில் அந்த மாத்திரையால் ஏற்பட்ட மரணங்கள் 43 சதம் குறைந்ததாகவும், அதன் காரணமாக ஈரல் மாற்றுக்குப் பதிவு செய்யப்பட்டவர்கள் 61 சதம் குறைந்ததாகவும் 2013ல் வந்த ஆய்வு சொல்கிறது. மனசு உடைந்த வேளையில் கைக்கு எட்டுகிற தூரத்தில் விஷம் இல்லாவிட்டால் பெரும்பாலோர் இன்னொன்றைத் தேடிப் போவதில்லை. அந்த வேளை கடந்துவிடுகிறது. எந்த அறுவை நிபுணரும் காப்பாற்றியிருக்க முடியாத எண்ணிக்கையை ஒரு அட்டைப்பெட்டியின் அளவு காப்பாற்றியது. தமிழக அரசும் 2022இன் இறுதியில் மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசைக்குத் தடை போட்டது, கூடவே ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு அறுபது நாள் தடை. ஏன் அறுபது நாள்? 1968ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பூச்சிக்கொல்லி விஷயத்தில் மாநிலத்துக்கு விட்டுவைத்திருக்கும் அதிகாரம் ஏறத்தாழ அவ்வளவுதான். உள்ளூர் உடலைப் பாதுகாக்கும் அதிகாரம் உள்ளூரில் இல்லை என்பதற்கு மாநில சுயாட்சி மாநாட்டுத் தீர்மானங்கள் தேவையில்லை, இந்த அறுபது நாள் போதும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஈரல் மாற்று சேர்க்கப்பட்டிருக்கிறது, ரேலா படித்த அதே ஸ்டான்லியில் அரசுச் செலவிலேயே நடந்தும் இருக்கிறது. சாதாரண விஷயமில்லை. வேலூர் சி.எம்.சி.யில் இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றிக் கொடுத்து, மாற்று ஈரல் இல்லாமலே எலிப்பசை நோயாளிகள் பலரைப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். துணை ஈரலின் அதே தர்க்கம், குறைந்த செலவில்: சொந்த ஈரல் எழுந்து வரும்வரை தாங்கிப் பிடிப்பது. இதற்கெல்லாம் ஆள் நேரத்துக்கு வந்து சேர வேண்டும். தடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. மஞ்சள் பாஸ்பரஸ் ஒரு ஏமாற்றுக்கார விஷம். முதல் நாள் வாந்தி, வயிற்று வலி. இரண்டாம் நாள் எல்லாம் அடங்கிவிடும். எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுவாள், பேசுவாள், அழுவாள். ‘நல்லாயிட்டா, கூட்டிட்டுப் போறோம்’ என்று வீட்டார் கையெழுத்துப் போட்டு அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ, ஊரில் பேச்சு வருமோ என்ற அவசரமும் அதில் இருக்கிறது. ஈரல் சாகத் தொடங்குவது அதற்குப் பிறகு. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கண் மஞ்சளாகி, ஆள் தடுமாறத் தொடங்கும்போது திரும்ப ஓடிவருகிறார்கள். எழுந்து வருவதற்கு ஈரலுக்கு இருந்த அவகாசம் அந்த நடுநாளில் வீட்டுத் திண்ணையில் கழிந்துபோயிருக்கும்.

கிங்ஸ் காலேஜ் அளவுகோலின் மையத்தில் இருப்பதாகச் சொன்ன அந்த இரத்த உறைவுச் சோதனை இங்கேதான் தேவைப்படுகிறது. அதற்கு லண்டன் வேண்டாம், குரோம்பேட்டையும் வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் சாதாரணச் சோதனைக்கூடத்தில் செய்துவிடலாம். எலிப்பசை என்று வந்த ஆளை, எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், ஐந்து நாளாவது படுக்கையில் வைத்து, தினமும் அந்தச் சோதனையைச் செய்து, உறையும் நேரம் நீளத் தொடங்கிய அன்றே மேலே அனுப்ப வேண்டும். பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர், அரியலூரிலிருந்து தஞ்சாவூருக்கு அதைவிடக் குறைவு, சென்னைக்கு இருநூற்று எழுபது. 2008லிருந்து 108 வண்டி ஓடுகிறது. இரண்டாம் நாள் அவளை எந்தப் பக்கம் அழைத்துப் போகிறார்கள், வீட்டுக்கா ஆஸ்பத்திரிக்கா என்பது வார்டில் அந்நேரம் வேலையில் இருக்கிற நர்சும் பயிற்சி டாக்டரும் வீட்டாரிடம் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து இருக்கிறது.